சாலை போடும் முன் அமர்ந்து கணக்கிடுவோம்



திருவண்ணாமலை என்றதும் தமிழகத்தில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது வடக்கே உள்ள கோயில் நகரம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மக்களாகிய நமக்கு இன்னொரு திருவண்ணாமலையும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் உள்ள ஊர் அது. புரட்டாசி சனிக்கிழமைகளில் நம் இந்து சகோதர சகோதரிகள் கூட்டம் கூட்டமாக அங்கே செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை, கிழக்கே கண்மாய்களும் வயல்களும் என்று அமைந்த நாடு இது. இதன் ஊடே திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை தேசிய நெடுஞ்சாலை 744 செல்கிறது.

வடக்கே உள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் 2018-ஆம் ஆண்டு எட்டுவழிச் சாலை என்ற பேச்சு எழுந்து, அது பெரும் போராட்டமாக மாறியது. நம் திருவண்ணாமலைப் பக்கம் அண்மை ஆண்டுகளில் திருமங்கலம்–இராஜபாளையம் நான்குவழிச் சாலைப் பணி மேற்கொள்ளப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, பெரிய போக்குவரத்துத் திட்டங்களை ஒரு கிறிஸ்தவர் எப்படி எடைபோட வேண்டும் என்று இன்று சிந்திப்போம்.

ஒரே பங்கில் இருவர்

என் பணிவாழ்வில் நடந்த இரு நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் இரவில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றார் மருத்துவர். அவருடைய மனைவியோடு நானும் ஆம்புலன்சில் ஏறினேன். முன்னால் சரக்கு லாரிகள் வரிசையாகச் சென்றன, எதிரே பேருந்துகள். முந்த இடமில்லை. மருத்துவமனையை அடைந்தபோது காலம் கடந்துவிட்டது. சாலை அகலமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது இறைவனுக்கே தெரியும். ஆனால் அந்தத் தாய் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்.

மற்றொரு நாள், வேறொரு தாய் செய்தித்தாள் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். அதில் பொடி எழுத்தில் சர்வே எண்கள் பக்கம் முழுவதும் இருந்தன. "சாமி, இது எங்க நம்பர்தானா பாருங்க" என்றார். அவர் நம்பர்தான். கிணறும் பத்துப் பன்னிரண்டு தென்னையும் உள்ள நிலம். "நெலத்துக்குப் பணம் குடுப்பாங்களாம். கெணத்துத் தண்ணிக்கு எவ்வளவு போடுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இதை நான் விசாரித்து அறிந்தபோது அந்த 21 நாளும் முடிந்திருந்தன. அந்தக் குற்ற உணர்வோடுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த இரு தாய்மாரும் ஞாயிறு திருப்பலிக்கு ஒரே ஆலயத்துக்கு வருகிறவர்கள். சாலை வேண்டும் என்றால் ஒருவர் தலையசைப்பார்; வேண்டாம் என்றால் மற்றவர். ஆகவே "சாலை வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் நாம் எங்கும் போய்ச் சேரமாட்டோம். எந்தச் சாலை, எவ்வழியே, யாருக்காக, என்ன விலைக்கு என்று கேட்க வேண்டும். அதையும் முடிவெடுக்கும் முன்பே கேட்க வேண்டும்.

நீடித்து நிலைக்கும் தன்மை

1987-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அமைத்த ஆணையம் ஒன்று, நார்வே நாட்டின் பிரதமராக இருந்த புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல், இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நிலைத்த வளர்ச்சி என்பது அதன் மையக் கருத்து. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், விதை நெல்லை எடுத்து விருந்து வைக்கக் கூடாது.

ஒரு நெடுஞ்சாலைக்குத் திட்டம் தீட்டும்போது, எத்தனை மணி நேரம் மிச்சம், எவ்வளவு எரிபொருள் மிச்சம், எத்தனை வாகனங்கள் செல்லும், எத்தனை கோடி செலவு என்பவை எண்களாக எழுதப்படுகின்றன. வாய்க்கால், கிணறு, நிழல், மேய்ச்சல், பட்டா இல்லாத கூலிக்காரரின் வேலை நாள் ஆகியவற்றை எண்ணாக்குவது கடினம். எண்ணாக்க முடியாதவை கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. கணக்கில் வராத இழப்பைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

எட்டுவழிச் சாலை கற்றுத்தந்த பாடம்

சென்னை–சேலம் பசுமைவழிச் சாலை 277 கி.மீ. நீளத்துக்கு, ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் மதிப்பில், 2018-இல் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களைக் கடப்பது; அவற்றுள் மிக நீண்ட பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில். பயண நேரம் பாதியாகக் குறையும் என்பது இத்திட்டத்துக்குச் சொல்லப்பட்ட முதன்மையான பயன். சென்னையிலிருந்து சேலம் செல்லக் கிருஷ்ணகிரி வழியாகவும் உளுந்தூர்ப்பேட்டை வழியாகவும் ஏற்கெனவே நெடுஞ்சாலைகள் இருந்தன. அவற்றைச் செப்பனிட்டு அகலப்படுத்தினால் போதாதா என்று உழவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மக்கள் முன்னிலையில் தெளிவான விடை வருமுன்னரே நிலத்தை அளக்கும் கற்கள் வயல்களில் ஊன்றப்பட்டன.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 8 அன்று நீதிமன்றம் நில எடுப்பு நடவடிக்கைகளை இரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதியை முதலில் பெற்றிருக்க வேண்டும் என்றது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. நில எடுப்பு அறிவிக்கைகள் செல்லும் என்றும், சுற்றுச்சூழல் அனுமதியைக் கட்டுமானப் பணி தொடங்கும் முன் பெற்றால் போதும் என்றும் தீர்ப்பளித்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன, அதை மதிக்கிறோம். ஆனால் மனச்சான்று கேட்கும் கேள்வி இதோடு முடியவில்லை. பாதை வரையப்பட்டு, சர்வே எண்கள் அச்சாகி, நிலத்துக்கு விலை பேசியபின் செய்யப்படும் சுற்றுச்சூழல் ஆய்வு எதை மாற்ற முடியும்? பெண்ணுக்குத் தாலி கட்டியபின் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பது போன்றது அது. ஆய்வின் பயனே, "இவ்வழி வேண்டாம், அவ்வழி போகலாம்" என்று சொல்ல இடமிருக்கும்போது செய்வதில்தான் இருக்கிறது.

துண்டு துண்டாகப் பார்த்தால்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான இன்றைய அடிப்படை விதிமுறை 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை. இது 2013-இல் திருத்தப்பட்டது. ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கும்போது, நீளம் 100 கி.மீ.க்கு மேலும், கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலம் பழைய பாதையில் 40 மீட்டருக்கு மேலும், புறவழிச் சாலைகளில் 60 மீட்டருக்கு மேலும் இருந்தால்தான் முன் அனுமதி தேவை என்று ஆயிற்று.

விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை ஏறத்தாழ 179 கி.மீ. அதன் விரிவாக்கப் பணி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 100 கி.மீ.க்கு உட்பட்டது. இவ்வழக்கில் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தச் சாலைக்கு முன் அனுமதி தேவையில்லை என்று கூறியது. ஆயினும், இவ்வாறு பகுதிகளாகப் பிரிப்பது சரிதானா என்பதை ஆராய ஒரு வல்லுநர் குழு அமைக்குமாறு சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நம் திருமங்கலம்–இராஜபாளையம் பகுதியைப் போல 70 கி.மீ. அளவில் உள்ள விரிவாக்கங்களுக்கு இக்கேள்வி இன்னும் பொருந்தும். மழைநீருக்கு எந்தத் துண்டு யாருடைய ஒப்பந்தத்தில் வருகிறது என்று தெரியாது. அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும், அவ்வளவுதான்.

நம் சாலையும் நம் தண்ணீரும்

நம் பகுதியின் நில அமைப்பைச் சற்று எண்ணிப்பாருங்கள். மலையில் பெய்யும் மழை ஓடைகளாகி மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. சாலையோ மலையடிவாரத்தை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. அதாவது தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே கிடக்கிறது. நான்குவழிச் சாலைக்கு மண்ணைக் கொட்டி மேடு எழுப்பும்போது, அந்த மேடு நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு கரை ஆகிவிடுகிறது. எங்கே, எத்தனை பாலம், எவ்வளவு அகலத்தில் என்பதைச் சரியாகக் கணக்கிட்டால் கண்மாய் பிழைக்கும். தவறினால் மேற்கே பயிர் மூழ்கும். கிழக்கே கண்மாய் காயும். எந்த ஓடை எந்த மாதத்தில் எவ்வளவு ஏறும் என்பதை வரைபடத்தைவிட அந்த ஊர்ப் பெரியவர்களும் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சிகளும் நன்கு அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் செய்யும் ஆய்வு அரைகுறையானது.

மேற்கே உள்ள காடும் இக்கணக்கில் சேரும். சாம்பல்நிற அணில்களுக்காக 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு இணைந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, இந்தியாவில் 51-ஆவது. காட்டைக் காப்பது விலங்குகளுக்காக மட்டும் என்று நினைப்போர் உண்டு. நம் ஓடைகள் அங்கேதான் பிறக்கின்றன. காடு குறைந்தால் கிணறு குறையும்.

சாலையோரப் புளியும் வேம்பும் வெட்டப்படும்போது, ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்கிறார்கள். நல்லதே. ஆனால் நட்ட கன்று நிழல் தரும் வரை யார் நீரூற்றுவது? எங்கோ ஒரு புறம்போக்கில் நட்ட கன்று, வெயிலில் பேருந்துக்கு நிற்கும் மூதாட்டிக்கு நிழல் தராது. இராஜபாளையத்துக்குத் தெற்கே, செங்கோட்டை வரையிலான பகுதியில் நஞ்சை நிலங்கள் வழியே பாதை போவதை உழவர்கள் எதிர்த்து, வேறு வழியே கொண்டு செல்லுமாறு வேண்டியதும் இத்தகைய கவலையால்தான்.

வேறு வழி உண்டா?

நல்ல மதிப்பீடு "வேறு வழி உண்டா?" என்று முதலில் கேட்கும். நமக்கு ஒரு மாற்று கண்ணெதிரே இருக்கிறது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகச் செல்லும் இரயில் பாதை, சாலைக்குத் துணையாகவே ஓடுகிறது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்வதால், அதே அளவு சரக்கை லாரியைவிடக் குறைந்த எரிபொருளில் இரயில் கொண்டு செல்லும். மலைப்பாதையின் ஏற்றம் காரணமாக எல்லாச் சரக்கையும் அதில் ஏற்ற முடியாதுதான். ஆனால் எவ்வளவு ஏற்ற முடியும், எத்தனை பயணிகள் பேருந்தையும் காரையும் விட்டு இரயிலுக்கு வருவார்கள் என்பதைக் கணக்கிட்ட பிறகுதான் சாலை எவ்வளவு அகலம் வேண்டும் என்று சொல்ல முடியும்.

இன்னொரு செய்தி. அகலமான சாலை அமைத்தால் நெரிசல் என்றென்றைக்கும் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறோம். சாலை வசதியானால் முன்பு வராத வாகனங்களும் வரத் தொடங்கும். பிரிட்டனில் அரசுக்கு ஆலோசனை கூறும் குழு ஒன்று இதை ஆராய்ந்து, சாலைகள் புதிய போக்குவரத்தை உருவாக்கவும் செய்கின்றன என்று 1994-இல் கூறியது. மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிடுவோர் இதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

இரயில் என்றாலே தீங்கில்லை என்றும் சொல்ல மாட்டேன். கோவை மதுக்கரை அருகே 2021 நவம்பரில் இரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. பின்னர் 2024-இல், யானைகள் தண்டவாளத்தை நெருங்குவதைக் கேமராக்கள் மூலம் கண்டறிந்து எச்சரிக்கும் அமைப்பைத் தமிழக வனத்துறை அங்கே ஏற்படுத்தியது. அதேபோல் சாலை என்றாலே தீங்கு என்பதும் சரியன்று. மகாராட்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், விலங்குகள் கடந்து செல்ல ஒன்பது கீழ்வழிகள் அமைக்கப்பட்டன. புலிகள் உட்படப் பல விலங்குகள் அவற்றைப் பயன்படுத்துவதை இந்திய வனவிலங்கு நிறுவனம் கேமரா வைத்துப் பதிவு செய்தது. காலத்தில் கேள்வி எழுந்தால், சாலையும் வரும், புலியும் பிழைக்கும்.

திருச்சபை கேட்கும் கேள்விகள்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் சொன்ன உவமை நாம் அறிந்ததே. சீடராகும் உறுதியைப் பற்றிச் சொன்ன உவமை அது. ஆனால் அதில் பொதிந்துள்ள நடைமுறை அறிவு, கட்டுகிற எல்லாருக்கும் உரியது. அஸ்திவாரம் போட்ட பிறகு கணக்குப் பார்க்கிறவரைக் கண்டு ஊர் சிரிக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" திருமடலின் ஐந்தாம் இயல் இதைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. திட்டம் முடிவான பின் சுற்றுச்சூழல் ஆய்வை ஒட்டுப்போடக் கூடாது, அது தொடக்கத்திலிருந்தே சேர்ந்து நடக்க வேண்டும், ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டும், அவ்விடத்து மக்களுக்கு அதில் தனி இடம் உண்டு என்கிறார் திருத்தந்தை. எதற்காக, எங்கே, எப்போது, எப்படி, யாருக்காக, என்ன ஆபத்து, என்ன செலவு, அதை யார் செலுத்துவது என்று கேட்கச் சொல்கிறார். இறுதியில் உள்ள "யார் செலுத்துவது?" என்ற கேள்விக்குத்தான் நம் பட்டியல்களில் விடை இருப்பதில்லை.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவுகூருங்கள். அரசன் அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும், இல்லையேல் பணம் தருவதாகவும் கூறினான். நாபோத்துக்கு அது மூதாதையர் உரிமைச் சொத்து, விலையால் ஈடாகாதது. இன்று பொதுநன்மைக்காக அரசு நிலம் எடுப்பது ஆகாபின் பேராசை ஆகாது. ஆயினும் பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்று நிலத்தில் உண்டு என்பதை உணர்ந்த அரசே, தேவைக்கு மேல் ஒரு சென்ட் நிலத்தையும் எடுக்கத் தயங்கும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நம் உரிமைகளை அறிவோம். நெடுஞ்சாலை நில எடுப்பு அறிவிக்கை வந்தால் 21 நாள் என்பதை மறவாதீர்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு அது பொருந்தாது. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய அதன் விதிகள் 2015 முதல் பொருந்துகின்றன. கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றுக்குத் தனியே மதிப்பிட வேண்டும்; அவை அளவீட்டுப் பதிவில் ஏறியுள்ளனவா என்று உடனிருந்து பாருங்கள்.

இரண்டாவதாக, சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் பொது விசாரணை நடந்தால், 30 நாள்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் அதை வாசியுங்கள். படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.

மூன்றாவதாக, ஊரின் ஓடை, வரத்துக்கால், கண்மாய், மேய்ச்சல் பாதை, பள்ளிக்குப் பிள்ளைகள் கடக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். இதில் இந்து, இசுலாமிய சகோதரர்களோடு கைகோர்ப்போம். தண்ணீருக்கு மதம் இல்லை.

நான்காவதாக, நிலம் உள்ளவருக்காக மட்டும் பேசாதீர்கள். அந்த நிலத்தில் கூலி செய்தவருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அன்பார்ந்தவர்களே, ஆம்புலன்சில் கணவரை இழந்த தாய்க்கு நல்ல சாலை வேண்டும். அதை மறுக்க எனக்கு மனமில்லை. கிணற்றை இழந்த தாய்க்கு, சாலை எங்கே போகும் என்று முடிவாகும் முன் ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்பு வேண்டும். அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. தண்ணீருக்கு எவ்வளவு போடுவார்கள் என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை ஒருவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வரும்போது, "உட்காருங்கம்மா, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்று சொல்ல மட்டும் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

இறைவன் நம் மண்ணையும் நீரையும், நம் வழிகளில் பயணம் செய்யும் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.